சுவருக்கு அந்தப் பக்கம்

மலாயாவில் பேய்களின் ஆட்சி 1957 ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிந்துவிட்டது என்று கலியாணசுந்தரம் அறிவித்தார்.

அறிவித்தபோது அவர் கையில் உளி இருந்தது. தலையில் அரை அங்குலத்துக்குச் சுண்ணாம்புத் தூள் இருந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில் உள்ள தமது சொந்த வீட்டின் கிழக்கு அறையில், வெளிச்சுவரில், அவர் காலையிலிருந்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுப் பாரு சந்திரா. பேய்னா என்ன? பயம். இந்த நாட்டுல பயத்தை யாரு வச்சிருந்தா? வெள்ளைக்காரன். அவன் போனப்ப அதையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிட்டான். இப்ப சுதந்திரம் வந்து ரெண்டு வருஷமாச்சு. இனிமே ஒரு பேய் இங்க இருக்கணும்னா அதுக்குக் குடியுரிமை வேணும். எட்டு வருஷம் வாசம் காட்டணும். மலாய் பேசத் தெரியணும்."

அவர் மனைவி சந்திரமதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேய்க்கு அதெல்லாம் சுலபம்ங்க. உங்களுக்குத்தான் மலாய் இன்னும் தகராறு. ஓட்டை ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

ஓட்டை முப்பத்திரண்டு அங்குல அகலம். அதில் பொருத்தவேண்டிய குளிர்ச்சாதனம் இருபத்தாறு அங்குலம். அது சாக்கால் போர்த்தப்பட்டு, அறையின் நடுவில் நான்கு செங்கற்கள்மேல் இருந்தது. அந்த அறையில் அப்போது உட்கார்ந்திருந்தது அது ஒன்றுதான்.

"பெருசா இருந்தா அடைச்சுக்கலாம். சின்னதா இருந்தாத்தான் கஷ்டம்" என்றார் கலியாணசுந்தரம்.

அந்த இயந்திரம் கிரிம்ஷா துரையுடையது. கலியாணசுந்தரம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, வேலை பார்த்த கித்தா ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனியில் கிரிம்ஷா இருபத்திரண்டு ஆண்டுகள் மானேஜர். மலாக்காவில் குளிரூட்டிய அறைகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில், தமது சொந்தச் செலவில் இயந்திரம் வரவழைத்து ஆபீஸ் அறையில் மாட்டிக்கொண்டவர். கலியாணசுந்தரம் அந்த அறைக்குள் தினமும் போய்வந்தார். ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கம்பெனி கைமாறியது. கிரிம்ஷா துரை கப்பல் டிக்கெட் வாங்கினார். பிறகு தேதியை மாற்றினார். மூன்று முறை மாற்றினார். நான்காம் முறை மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை. கப்பலுக்கு முதல் நாள், இயந்திரத்துக்கு எதிரே, திறந்த ஃபைலின்மேல் தலையை வைத்தபடி இருந்தார். அறை மிகவும் குளிர்ந்திருந்ததால் அவர் இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. இயந்திரத்துக்கு ஒரே ஒருவர்தான் கை தூக்கினார்.

கை தூக்கியதற்குக் காரணம் இருந்தது. கம்பெனியை வாங்கியவர் ஹாஜி ஷரீஃபுதீன். நான்கு தலைமுறையாக மலாக்கா டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம். காலியாயிருக்கும் மானேஜர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு பக்கம் கலியாணசுந்தரம். மறுபக்கம் சிங்கப்பூரில் படித்த மருமகன் ஹாஜா. அடுத்த வாரச் சனிக்கிழமை கலியாணசுந்தரம் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவதாக ஹாஜியார் சொல்லியிருந்தார். அவர் சும்மா தேத்தண்ணி குடிக்கிறவர் அல்ல. ஆளை எடை போடத்தான் வருகிறார்.

"வீட்டிலேயே குளிர் அறை வச்சிருக்கிறவனைப் பார்த்தா யாருக்கும் கிராணின்னு தோணாது. மானேஜர்னுதான் தோணும்" என்று மனைவியிடம் சொன்ன கலியாணசுந்தரம், பன்னிரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு உளி வாங்கினார்.

இயந்திரத்தைக் கம்பெனி லாரியில் கொண்டுவந்தது பியூன் மருதமுத்து. இறக்கி வைத்தவர் அறை வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"கிராணி ஐயா, துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே எடுத்தீங்க?"

"செத்துப்போனவர்கிட்டயா?"

"ஏலக்காரன்கிட்ட சொல்லியிருப்பீங்க. அது வேற."

கலியாணசுந்தரம் உளியைக் கீழே வைத்தார்.

"ஆமா, நீ இன்னும் துரையோட காலி ரூம் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போறியாமே?"

"ஆமாங்க. தூசி தட்டணும்ல."

"உள்ளதான் யாருமில்லையே, மருதமுத்து."

"தட்டாமப் போனாத்தாங்க அது தெரியும். எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

கலியாணசுந்தரம் சிரித்தார். மருதமுத்து போன பிறகும் சிரித்தார். தலையைக் குனிந்து, விரலை மடக்கி, காற்றில் இரண்டு முறை தட்டி, "உத்தரவு வாங்கிட்டு வர்றேங்க" என்று மனைவிக்கு நடித்துக் காட்டினார். "சுதந்திர நாட்டுல ஒருத்தன், செத்த வெள்ளைக்காரன்கிட்ட உத்தரவு கேக்குறான்."

இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் எஞ்சினியர் பொன்னுதுரை. யாழ்ப்பாணத்துக்காரர். ராணுவ முகாமில் இறைச்சி கெடாமல் வைக்கும் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்பவர். எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். முழு வேலையையும் தாமே செய்வதாகத்தான் அவர் முதலில் சொன்னார்; அதற்கான மனுவையும் போட்டுவிட்டார். சுவரில் ஓட்டை போடுவதற்கு எதற்கு ஒரு எஞ்சினியர் என்று கலியாணசுந்தரம் கேட்டார்.

பொன்னுதுரை ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

"சரி, அப்ப பிரிச்சுக்கொள்ளுவம். சுவரும் சுவருக்கு அந்தப் பக்கமும் உங்கட பக்கம். மிசினும் சுவருக்கு இந்தப் பக்கமும் என்ட பக்கம். நான் அங்கால வரமாட்டன். நீங்கள் இங்கால கை வைக்கக்கூடாது. பிறகு ஏதும் பிழையெண்டால் ஆரின்ட பிழையெண்டு தெரியவேணும். விளங்குதோ?"

"விளங்குது எஞ்சினியர் சார்."

"அப்ப கையெழுத்துப் போடுங்கோ."

கலியாணசுந்தரம் தம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

தம் பக்கத்தை அவர் மூன்று நாளில் முடித்தார். ஓட்டை பெரிதாக இருந்ததால் இரு ஓரத்திலும் பலகை அடித்தார். பலகை அடித்ததில் மரச்சட்டம் உள்பக்கம் சாய்ந்தது. தண்ணீர் அறைக்குள் வடியும் என்று சந்திரமதி சொன்னாள். சட்டத்தின் அடியில் ஆப்பு செருகினார். சட்டம் வெளிப்பக்கம் சாய்ந்து இரண்டு செங்கற்களைத் தள்ளிவிட்டது. செங்கல் இருந்த இடத்தில் சிமெண்டும் பழைய நாளிதழும் வைத்துப் பூசினார். வெளியிலிருந்து பார்த்தபோது சுவருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை பொன்னுதுரை வந்தார். சுவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அது அவர் பக்கம் அல்ல. இயந்திரத்தை ஏற்றினார். சுவரில் ஒரு ஸ்விட்ச் பெட்டி மாட்டினார். அதிலிருந்து தடித்த கறுப்புக் கம்பி ஒன்றை இழுத்து, கூரைக்குக் கீழே இருந்த துளை வழியாக அந்தப் பக்கம் தள்ளினார். தள்ளியதோடு கைகளைத் தட்டிக்கொண்டார்.

"என்ட பக்கம் முடிஞ்சுது. திங்கட்கிழமை வந்து பார்க்கிறன். அதுவரைக்கும் தொடவேண்டாம்."

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குக் கலியாணசுந்தரம் தொட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஸ்விட்சைக் கீழே தள்ளினார், மேலே தள்ளினார். குமிழைத் திருகினார். இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது சும்மா இருந்தது.

"கேட்டுப் பாருங்களேன் ஒரு வார்த்தை" என்றாள் வாசலில் நின்ற சந்திரமதி.

"யார்கிட்ட?"

"மருதமுத்து சொன்னாரே, அவர்கிட்ட."

"இந்தப் பேச்சை விடு. சோத்தைப் போடு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூடத்துக் கடிகாரம் இரண்டு அடித்தது. இரண்டாவது மணியின் ஓசை அடங்குமுன் கிழக்கு அறையிலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் கனைப்பு. அதைத் தொடர்ந்து மெல்லிய, சீரான ரீங்காரம்.

கலியாணசுந்தரம் எச்சில் கையோடு ஓடினார். அறை குளிரத் தொடங்கியிருந்தது.

"பார்த்தியா? மெஷின்னா சூடேற நேரம் எடுக்கும்."

"குளிர வைக்கிற மெஷின் எதுக்குங்க சூடேறணும்?"

அவர் காற்றுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். குளிர் அவ்வளவு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பொன்னுதுரை வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஓடுதே?"

"ஓடாம என்ன?"

"இவ்வளவு கெதியா எப்பிடி முடிச்சனீங்கள்? எனக்கெண்டாலே ஒரு மாதம் இழுப்பாங்கள்."

கலியாணசுந்தரம் தம் சுவரைப் பெருமையோடு பார்த்தார். "அடுத்தவனை நம்பினா மாசக்கணக்காத்தான் ஆகும். நானே ஏணி போட்டு ஏறிச் செஞ்சு முடிச்சேன்."

"நீங்களேயோ?"

"நானேதான்."

"கையுறை போட்டனீங்களோ?"

"எதுக்கு? வெறுங்கைதான்."

பொன்னுதுரை தொப்பியைக் கழற்றினார். கலியாணசுந்தரத்தின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகாமில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதையைக் கலியாணசுந்தரம் அதுவரை கண்டதில்லை.

"ஒரே ஒரு குறைதான் எஞ்சினியர் சார். ஸ்விட்ச் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. போட்டாலும் போடாட்டியும் காலையில எட்டு மணிக்கு ஓடுது. பன்னண்டுக்கு நிக்குது. ரெண்டுக்கு ஓடுது. அஞ்சுக்கு நிக்குது."

பொன்னுதுரை சன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார்.

"உள்ளுக்க வெக்கையைப் பார்த்து ஓடுற கருவி ஒண்டு இருக்கு. எட்டு மணிக்கு இந்தச் சுவரில வெயில் விழும். ஓடும். பன்னிரண்டுக்கு வெயில் தலைக்கு மேல போயிரும். நிக்கும்."

"ரெண்டு மணிக்கு?"

"எதிர் வீட்டுத் தகரக் கூரையில பட்டுத் திரும்பி வரும்."

"அஞ்சு மணிக்கு?"

"தகரம் ஆறிப்போகும். வெயில் சுவருக்கு அந்தப் பக்கம். அது உங்கட பக்கம்."

கோப்பி கொண்டுவந்த சந்திரமதி தட்டை நீட்டியபடி கேட்டாள்: "சனிக்கிழமை ஒரு மணியோட நின்னுடுச்சு. நேத்து முழுக்க ஓடவே இல்லை. ஞாயித்துக்கிழமை வெயிலுக்கு லீவுங்களா?"

பொன்னுதுரை கோப்பியை எடுக்கவில்லை.

"இது கம்பெனி நேரம்ங்க" என்றாள் சந்திரமதி, கணவன் பக்கம் திரும்பி. "நீங்க இருபத்திரண்டு வருஷமா போய்வர்ற நேரம். எனக்கா தெரியாது?"

பொன்னுதுரை இயந்திரத்திலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

"பேய் கீய் எண்டு சொல்லுறீங்கள்போல" என்றார் பொன்னுதுரை, குரலைத் தாழ்த்தி. "அப்பிடியெண்டால் பேய் சுவருக்குள்ள இருக்கிற சாமான். உங்கட பக்கம்."

"அதெப்படி? மெஷினோட வந்திருந்தா உங்க பக்கம்" என்றார் கலியாணசுந்தரம்.

"அப்ப பேய் இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறீங்களோ?"

"இல்லை."

"இல்லாத சாமான் ஆரின்ட பக்கமும் இல்லை. நான் வாறன்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்ளாமலேயே போனார்.

அந்த வாரம் முழுவதும் கலியாணசுந்தரம் இயந்திரத்தைச் சரிப்படுத்தினார். குளிர் அதிகமாக இருந்ததால் குமிழை ஏழிலிருந்து மூன்றுக்குத் திருகிவைத்தார். கூடத்துக்குப் போய்த் திரும்பினால் குமிழ் ஏழில் இருந்தது. குமிழை மூன்றில் வைத்துத் தீப்பெட்டிக் குச்சியால் முட்டுக்கொடுத்தார். குச்சி முறிந்து, இரண்டு துண்டும் மேசையின்மேல் ஒன்றுக்கொன்று இணையாக வைக்கப்பட்டிருந்தது. அதிர்வில் விழுந்திருக்கும் என்றார். அதிர்வு குச்சிகளை இணையாக வைக்குமா என்று சந்திரமதி கேட்டாள். நல்ல இயந்திரம் என்றால் வைக்கும் என்றார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. தெரு முழுவதும் மின்சாரம் போயிற்று. வீட்டு விளக்குகள் அணைந்தன. மழை இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. மின்சாரம் வர இரண்டு மணி நேரமாயிற்று. அதுவரை கிழக்கு அறை பனிக்கட்டிபோல் குளிர்ந்தே இருந்தது.

"என் சுவர். போட்ட குளிரை வெளியே விடாது" என்றார் கலியாணசுந்தரம், பூச்சைத் தட்டிக்கொடுத்து.

காலையில் அந்த அறையில் ஓர் உயர்ந்த ரகப் புகையிலை வாசம் வந்தது. சுவரில் வைத்துப் பூசிய பழைய நாளிதழ் ஈரத்தில் நாறுகிறது என்று அவர் முடிவு செய்தார். பிற்பகலில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. விசிறி எங்கேயோ உரசுகிறது என்றார். விசிறி உரசிவிட்டு, இடையே சற்று நிறுத்தி, படித்து முடித்த பிறகு மறுபடி உரசியது.

அவருக்கே விளக்கம் கிடைக்காதது ஒன்றுதான். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அந்த அறையில் அவரால் உட்கார முடியவில்லை. உட்காருவார். நாளிதழை விரிப்பார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நின்றுகொண்டிருப்பார், கைகளை முன்னால் கட்டியபடி, இயந்திரத்தைப் பார்த்தபடி. எப்போது எழுந்தோம் என்று நினைவிருக்காது. வியாழக்கிழமை சந்திரமதி சாப்பிடக் கூப்பிட்டபோது, "ஒன் மினிட், சார்" என்று பதில் சொன்னார்.

ஆனாலும் அவருடைய கவலை வேறு. ஹாஜியார் வரப்போவது சனிக்கிழமை மூன்றரை மணிக்கு. சனிக்கிழமை இயந்திரம் அரை நாள்தான்.

மருதமுத்துவைக் கூப்பிட்டு ஹாஜியாரிடம் அனுப்பினார். காலை பதினொரு மணிக்கு வர முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

மருதமுத்து மாலையில் திரும்பி வந்தார். "முடியாதுன்னுட்டாருங்க. காலையில கடையில ஆளில்லையாம். மூணரைக்கு வந்துட்டு அஸர் தொழுகைக்குப் போகணுமாம்."

"சரி, போ."

"ஐயா, நான் வேணும்னா மெஷின்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?"

"போன்னு சொன்னேன்."

சனிக்கிழமை ஒரு மணிக்கு இயந்திரம் நின்றது. கலியாணசுந்தரம் இருந்த குளிரையாவது காப்பாற்றுவோம் என்று சன்னல்களைச் சாத்தினார். திரைச்சீலையைப் போட்டார். கதவுக்கடியில் துணி அடைத்தார். அவருடைய சுவர் குளிரை வெளியே விட்டது. மூன்றரை மணிக்கு ஹாஜியார் அந்த அறையில் நுழைந்தபோது அது ரொட்டி சுடும் அடுப்பாக இருந்தது.

ஹாஜியார் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். துடைத்ததைப் பிழிந்திருக்கலாம்.

"வீட்டுல குளிர் ரூம் வச்சிருக்கேன்னு சொன்னாங்களே, கிராணி."

"இதுதான் முதலாளி. இப்ப வந்துடும்."

"எங்கேருந்து வரணும்?"

கலியாணசுந்தரம் ஸ்விட்சைத் தள்ளினார். குமிழைத் திருகினார். ஹாஜியார் தேத்தண்ணியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை ஹாஜா நேத்து கடிதம் போட்டிருந்தாரு. அவருக்கும் இந்த வேலையில ஆசைதான். படிச்ச பிள்ளை. நான் இன்னிக்கு முடிவு பண்ணி எழுதணும்."

"சரிங்க முதலாளி." கலியாணசுந்தரம் மறுபடியும் ஸ்விட்சைத் தள்ளினார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு ஸ்விட்சில் வந்து நின்றிருந்தன.

"உனக்குத் தெரியும். நான் கித்தா விக்க வந்து துரையோட ரூம் வாசல்ல இருபது வருஷம் நின்னிருக்கேன். கதவு திறந்தா உள்ளேருந்து ஒரு குளிர் வரும். அந்தக் குளிர்லயே நான் விலையில பாதியைக் குறைச்சுச் சொல்லிடுவேன்." ஹாஜியார் சிரிக்க முயன்றார். "இப்ப கம்பெனி என்னுது. அவர் போட்ட விதியெல்லாம் மாத்தப் போறேன். சனிக்கிழமை எதுக்கு அரை நாள்? வெள்ளைக்காரன் பந்தடிக்கப் போகணும்னு வச்சது. இனிமே கிடையாது. இன்னியிலேருந்து சனிக்கிழமையும் அஞ்சு மணி வரைக்கும் வேலை."

சொல்லி முடித்தார்.

இயந்திரம் கனைத்தது. ஓடத் தொடங்கியது.

குளிர் மெதுவாக வரவில்லை. கதவைத் திறந்ததுபோல் வந்தது. தேத்தண்ணியின் ஆவி நின்றுபோனது. திரைச்சீலை ஒருமுறை உள்ளே இழுக்கப்பட்டு அடங்கியது. புகையிலை வாசம் அறை முழுவதும் பரவியது.

"யெஸ் சார்" என்றார் ஹாஜியார்.

யாரிடம் சொன்னார் என்று கலியாணசுந்தரம் கேட்கவில்லை.

"கிராணி."

"முதலாளி."

"இந்த ரூம்ல நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?"

"ஆமாங்க முதலாளி."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் நிக்கிறோம்?"

கலியாணசுந்தரம் தம் கால்களைப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தன.

"தகரத்துல வெயில் பட்டுத் திரும்புது முதலாளி. வெக்கையைப் பார்த்து ஓடுற கருவி ஒண்ணு உள்ள இருக்கு."

"நீ இதோட எத்தனை நாளா இருக்கே?"

"ஒன்பது நாளா."

"தனியாவா?"

"சம்சாரம் இருக்கு. ஆனா அவ உள்ள வர்றதில்லை."

ஹாஜியார் இயந்திரத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஆள் எடை போடப்பட்டுவிட்டது.

"ஹாஜாவால முடியாது. அவன் விளக்கணைச்சாலே கூப்பாடு போடுற பிள்ளை. அந்த நாற்காலியில உன்னைத் தவிர யாரும் உக்கார முடியாது. திங்கட்கிழமைலேருந்து நீதான் மானேஜர். ஏதாவது பேசணும்னா என் கடைக்கு வா. நான் உன் ரூமுக்கு வரமாட்டேன்."

இயந்திரத்துக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து, வாசல்படியில் ஒருமுறை இடறி, அவர் வெளியே போனார்.

இயந்திரம் ஐந்து மணி வரை ஓடியது.

"பார்த்தியா சந்திரா?" என்றார் கலியாணசுந்தரம். அன்று மாலை அவர் மிகவும் பெரிய மனிதராக இருந்தார். "எல்லாரும் என்ன ஆட்டம் ஆடினீங்க. பயந்திருந்தா இந்த வேலை கிடைச்சிருக்குமா? பேயுமில்லை, ஒண்ணுமில்லை. எஞ்சினியர் சொன்ன மாதிரி வெயில்."

"இன்னிக்கு மூணு மணியிலேருந்து மேகமா இருந்துச்சேங்க."

"மேகத்துக்குப் பின்னால வெயில்தானே இருக்கும்."

திங்கட்கிழமை காலை அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டு, முதன்முறையாக டை கட்டினார். கூடத்துக் கடிகாரம் எட்டு அடித்தது. கிழக்கு அறையில் கனைப்பும் ரீங்காரமும் சரியாகத் தொடங்கின. அவருக்கு அது வாழ்த்துப்போல் இருந்தது.

வாசலில் இரண்டு பேர் ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். தம் பெயர் நல்லையா, மின்சார லைன் வேலை என்றார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"பெரிய கிராணி கலியாணசுந்தரம் வீடுங்களா?"

"மானேஜர் கலியாணசுந்தரம்."

"மன்னிக்கணும். இதுல பழசு எழுதியிருக்கு. எஞ்சினியர் பொன்னுதுரை மனு போட்டு ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. தாமதமாயிடுச்சு. உங்க குளிர் மெஷினுக்குக் கரண்ட் குடுக்க வந்திருக்கோம்."

கலியாணசுந்தரம் சிரித்தார். "அது பத்து நாளா ஓடுதுய்யா. வேற வீடா இருக்கும்."

"வேற வீடு இல்லைங்க. வீட்டு விளக்குக் கம்பி இந்த மெஷினைத் தாங்காது. தெருக் கம்பத்துலேருந்து தனியா இழுக்கணும். இன்னும் இழுக்கலை. கொஞ்சம் இப்படி வாங்க."

நல்லையா வீட்டைச் சுற்றி, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தார். கலியாணசுந்தரம் பின்னால் போனார். சுவரை முடித்த நாளிலிருந்து அவர் அங்கே வந்ததில்லை. பொன்னுதுரை வந்ததே இல்லை.

சுவரிலிருந்து இயந்திரத்தின் பின்பாகம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வெக்கைக் காற்று இருவர் முகத்திலும் அடித்தது. கூரைக்குக் கீழே, துளைக்கு வெளியே, தடித்த கறுப்புக் கம்பி இரண்டு சுற்றாகச் சுருண்டு ஓர் ஆணியில் சிக்கியிருந்தது. அதன் நுனி காற்றில் தொங்கியது. சுருளுக்குள் ஒரு குருவி பாதிக் கூடு கட்டியிருந்தது.

நல்லையா கம்பியைப் பார்த்தார். ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தார். மறுபடியும் கம்பியைப் பார்த்தார். நாற்பது வயதைக் கடந்த, நிதானமான மனிதர்.

"இதை இன்னும் எதோடயும் சேர்க்கலைங்களே" என்றார். "சேர்த்துடட்டுங்களா?"

கலியாணசுந்தரம் டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க. கேட்டுட்டு வந்துடுறேன்."

அவர் வீட்டுக்குள் போனார். கிழக்கு அறையின் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, விரலை மடக்கி, இரண்டு முறை மெதுவாகத் தட்டினார்.